மழை லீவு விட்டாச்சு, வீட்டில் என்ன செய்யலாம்? சென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், டிசம்பர் கடைசி வரை சென்னையில் எந்தக் காலையும் திடீரென்று லீவாக மாறலாம். எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், கூடவே என் மாமியார். பத்து வருடத்துக்கு மேலாக மழை லீவுகளைச் சமாளித்து வருவதால் அக்கம்பக்கத்து அம்மாக்களும் அப்பாக்களும் என்னிடம் கேட்பதுண்டு. அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மழைக்காக விட்ட லீவு, மழையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கழிந்துவிடக் கூடாது என்பது என் ஆசை. கீழே வரும் பல பதில்களில் அது எட்டிப் பார்க்கும்.

லீவு என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. நம்பலாமா?

முதலில் தேதியைப் பாருங்கள். போன வருடத்து அறிவிப்புப் படம் ஒவ்வொரு மழைக்கும் சுற்றி வரும். மழைக்கு லீவு அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் நான்கும் தனித்தனி மாவட்டங்கள், ஒன்றில் லீவு என்றால் மற்றதிலும் லீவு என்று அர்த்தமில்லை. வீடு தாம்பரத்திலும் பள்ளி கிண்டியிலும் இருந்தால் வீடு செங்கல்பட்டு மாவட்டம், பள்ளி சென்னை மாவட்டம். பள்ளி இருக்கும் மாவட்டத்தின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். சில நாள் பள்ளிக்கு மட்டும் லீவு, கல்லூரிக்கு இல்லை என்றும் வரும். ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கம் அல்லது டிவி செய்தி, இரண்டில் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் சொல்லுங்கள். லீவு என்று துள்ளிக் குதித்த பிள்ளையை மறுபடி யூனிஃபார்ம் போட வைப்பது பெரும்பாடு.

ஆறரை மணிக்குத்தான் தெரிந்தது. டப்பா கட்டியாச்சு, ஷூ கூடப் போட்டாச்சு. இனி என்ன செய்வது?

கட்டிய டப்பாவைப் பிரிக்காதீர்கள். அது அப்படியே பையில் இருக்கட்டும். பன்னிரண்டரை மணிக்குப் பாத்திரத்தைத் தட்டி மணி அடித்து, ஹாலில் பாய் விரித்து, எல்லோரும் டப்பாவிலிருந்தே சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் மாமியாருக்கும் ஒரு டப்பா உண்டு. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தட்டில் போட்டால் பாதி மிச்சமாகும், இப்படி உட்கார்ந்தால் டப்பா காலியாகிவிடும். முதல் தடவை இதைச் செய்த அன்று என் மகள் பாட்டிக்குத் தன் வறுவலில் பாதியைக் கொடுத்து, "உங்க டப்பால என்ன இருக்கு?" என்று கேட்டாள். இரண்டிலும் ஒரே சாப்பாடுதான். பள்ளியில் பகிர்ந்து சாப்பிடுகிறாள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

காலையில் அவசரம் இல்லாததால் இன்னொரு விஷயமும் செய்யலாம். எட்டு மணி வரை ஜன்னல் ஓரம் சும்மா உட்கார்ந்து மழையைப் பாருங்கள். பள்ளி நாளில் மழை என்பது ரெயின்கோட், ஆட்டோ, நனைந்த சாக்ஸ். அதை நிதானமாகப் பார்க்க இந்த மாதிரி நாளில்தான் முடியும்.

நாள் முழுக்க அட்டவணை போட வேண்டுமா?

வேண்டாம். எல்லோரும் சேர்ந்து செய்ய ஒரே ஒரு காரியம் முடிவு செய்யுங்கள். மீதி நேரம் எப்படியோ ஓடும். "போர் அடிக்குது" என்று வந்து நின்றால் உடனே ஓடிப்போய் எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அரைமணி நேரம் விட்டால் அவர்களே கட்டில் போர்வையில் கூடாரம் கட்டியிருப்பார்கள்.

மழையையே வைத்துச் செய்யக்கூடியது ஏதாவது சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மழைமானி செய்யுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். பக்கங்கள் நேராக இருக்க வேண்டும், நடுவில் ஒடுங்கிய பாட்டிலில் கணக்கு தப்பும். கழுத்து குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டி (வெட்டுவது பெரியவர்கள்), மேல் துண்டைத் தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே செருகுங்கள். பாட்டிலின் அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்கும். அதில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கி மட்டம் நேராகும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து மேல்நோக்கி ஒரு பழைய ஸ்கேலை செலோடேப்பால் ஒட்டிவிட்டால் மழைமானி தயார். மொட்டை மாடியில் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்காத இடத்தில், காற்றில் சாயாமல் இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்து வையுங்கள். இடி மின்னல் இருக்கும்போது மாடிக்குப் போகவே கூடாது. அந்த ஒரு விதியில் எந்தச் சலுகையும் வேண்டாம்.

வானிலை ஆய்வு மையத்துக்கு ஒரு நாள் மழை என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது. நீங்களும் அந்த நேரத்திலேயே அளவெடுங்கள். ஒரு நாளில் 64.5 மி.மீ.க்கு மேல் போனால் கனமழை, 115.6 மி.மீ. தொட்டால் மிகக் கனமழை, 204.4 மி.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. டிவியில் தினமும் கேட்கும் இந்தச் சொற்களுக்குப் பின்னால் இப்படி ஓர் அளவு இருக்கிறது என்று தெரிந்ததும் என் மகள் செய்தியைக் கவனித்துக் கேட்க ஆரம்பித்தாள். நுங்கம்பாக்கத்தில் எவ்வளவு, மீனம்பாக்கத்தில் எவ்வளவு என்று சொல்வார்களே, அதோடு நம் மாடிக் கணக்கை ஒப்பிடலாம். ஒரே ஊருக்குள் மழை எவ்வளவு மாறுகிறது என்பது பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம்.

அப்புறம் கணக்குக்கு வாருங்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதில் 1 செ.மீ. பெய்தால் சுமார் 930 லிட்டர். 13 செ.மீ. பெய்தால் 12,000 லிட்டர் லாரி ஒன்று நிறைய. கோடையில் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்த வீடுகளில் இந்தக் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் மாடிக் குழாய் எங்கே இறங்குகிறது, கிணற்றுக்கா, உறைக்குழிக்கா, நேராகத் தெருவுக்கா என்று குடையோடு போய்ப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். எங்கள் குடியிருப்பில் அப்படித் தேடியபோது ஒரு குழாயின் வாய் இலையால் அடைத்திருந்தது தெரிந்தது. மழை விட்டதும் எடுத்துவிட்டோம்.

இன்னும் ஆர்வம் இருந்தால் ஏரிகளை வரையலாம். முழுக் கொள்ளளவு பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. கட்டம் போட்ட தாளில் நான்கு தொட்டிகள் வரைந்து, அன்றன்றைய நீர் இருப்பைச் செய்தித்தாளில் பார்த்து நீல நிறத்தில் நிரப்பிக்கொண்டே வரலாம். 2015 டிசம்பரில் இதே ஊர் மூழ்கியது, 2019 கோடையில் இதே ஏரிகள் வறண்டு கிடந்தன. இரண்டையும் பார்த்த நாம் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

காகிதக் கப்பல் விடலாமா?

கட்டாயம் விடலாம், ஆனால் தெருத் தண்ணீரில் வேண்டாம். சாக்கடை கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் பயம் உண்டு, மூடி திறந்த குழி கண்ணுக்குத் தெரியாது, மின்சாரக் கசிவும் இருக்கலாம். துணி அலசும் டப்பில் மழைத் தண்ணீர் பிடித்து அதில் விடுங்கள். சாதாக் கப்பல் எல்லோருக்கும் தெரியும். கத்திக் கப்பல் மடிக்கத் தெரிந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் இன்றே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கப்பல் எத்தனை புளியங்கொட்டை தாங்கும் என்று போட்டி வைத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

பழைய விளையாட்டுகள் சொல்லிக்கொடுக்க ஆசை. பல்லாங்குழிக் கட்டை, தாயக்கட்டை எதுவும் வீட்டில் இல்லையே?

கட்டை எதற்கு? கார்த்திகை தீபத்துக்கு வாங்கிய அகல் விளக்கு 14 எடுத்து, இரண்டு வரிசையாக ஏழேழு வைத்தால் பல்லாங்குழி. ஒவ்வோர் அகலிலும் ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. உங்கள் பக்கத்து அகல் ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, அடுத்தடுத்த அகலில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் இருப்பது தீர்ந்தால் அடுத்த அகலில் உள்ளதை எடுத்து ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்தது காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்ததில் இருப்பது உங்களுக்கு, அத்தோடு உங்கள் முறை முடிந்தது. நடுவில் ஏதாவது ஓர் அகலில் நான்கு சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி மாறும். என் மாமியார் தஞ்சாவூர்ப் பக்கம், என் அம்மா மதுரை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்த ஒரு மழை நாளில் யார் விதி சரி என்று பேசியே பாதி நேரம் போனது. பிள்ளைகளுக்கு அது ஆட்டத்தைவிடச் சுவாரஸ்யமாக இருந்தது.

இதில் எந்த அகலிலிருந்து எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று மனசுக்குள் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கூட்டல் பயிற்சி எனக்குத் தெரியாது.

தாயத்துக்கு சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கட்டைக்குப் பதில் சோழி. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதால் சின்னப் பிள்ளைகள் பொறுமை இழப்பார்கள். முதல் ஆட்டத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரு காயை இறக்கி வைத்தே ஆரம்பியுங்கள். ஆடு புலி ஆட்டம் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும். மூன்று மஞ்சள் கிழங்கு, பதினைந்து கொண்டைக்கடலை போதும். செஸ் ஆடும் என் மகன் இதைச் சுலபம் என்று நினைத்து உட்கார்ந்தான். பாட்டியின் ஆடுகள் அவன் புலிகளை மூலையில் முடக்கிவிட்டன. இன்றும் மழை வந்தால் அவனே போய்ப் பாட்டியைக் கூப்பிடுகிறான்.

விளையாட இடமோ பொருளோ இல்லாத சின்ன வீடாக இருந்தாலும் விடுகதைக்கு இடம் வேண்டாம். "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண் பட்டு உடைந்ததாம் மண்டபம்", அது தேன்கூடு. "யார் தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை" என்று பத்து முறை வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். வீடே சிரிக்கும்.

கேரம் போர்டு இருக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் காயே நகர மாட்டேன் என்கிறது.

ஈரப்பதத்தில் பலகை உப்பும். உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, ஃபேன் காற்றில் அரைமணி நேரம் வைத்து, அதன்பின் கொஞ்சமாகப் பவுடர் தூவுங்கள். போரிக் பவுடர் என்றால் கைக்குழந்தை பக்கத்தில் வேண்டாம், ஆடி முடித்ததும் எல்லோரும் கை கழுவ வேண்டும். ஆட்டம் முடிந்த பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். படுக்க வைத்துவிடுங்கள்.

கேரம் ஆடும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல நம் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். மரிய இருதயம் சென்னைக்காரர், உலக சாம்பியன், கேரமுக்காக அர்ஜுனா விருது பெற்றவர். வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வென்றவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். சிவப்புக் காயைப் போட்டுவிட்டு ஃபாலோ போட முடியாமல் தவிக்கும் பெண் குழந்தையிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்.

பிள்ளைகள் இரண்டும் ஓடியே ஆக வேண்டும் என்கின்றன. கீழ்வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.

சத்தம் வராத ஆட்டம் பாருங்கள். நடுவில் துப்பட்டாவைக் கட்டி, உட்கார்ந்துகொண்டே பலூன் வாலிபால். பாட்டு நின்றதும் அசையாமல் நிற்கும் சிலை ஆட்டம். கார் நிறுத்தும் தரைத்தளத்தில் தண்ணீர் இல்லை என்றால் நொண்டியும் கல்லா மண்ணாவும் அங்கே ஆடலாம். மீட்டர் பெட்டிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், ஈரக் கையோடு அந்தச் சுவர்ப் பக்கம் போகாதபடி பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். கீழ்வீட்டுப் பிள்ளையையும் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், புகார் தானாகக் குறையும்.

மகன் ஒன்பதாவது படிக்கிறான். கப்பல், பல்லாங்குழி எல்லாம் அவனுக்குக் குழந்தைத்தனம்.

அவனிடம் பொறுப்பைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் மழை நாளில் வானிலை அதிகாரி என் மகன்தான். சென்னை ரேடார் படம் வானிலை மையத்தின் தளத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. துறைமுகப் பகுதியில் ஒரு டாப்ளர் ரேடார், பள்ளிக்கரணையில் இன்னொன்று. கடல் பக்கத்திலிருந்து மேகக் கூட்டம் எப்படி நகர்ந்து வருகிறது, எந்த நிறம் என்றால் பலத்த மழை என்று பார்க்கக் கற்றுக்கொண்டால், "அம்மா, இன்னும் இருபது நிமிஷத்துல நம்ம ஏரியாவுல கொட்டும், துணிய எடு" என்று சொல்வான். பாதி நாள் சரியாக இருக்கும். தப்பினால் ஏன் தப்பியது என்று அவனே யோசிப்பான், அந்த யோசனைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

புயல் பெயர் ஆட்டமும் இந்த வயதுக்குப் பிடிக்கும். வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களுக்கு 13 நாடுகள் பெயர் கொடுத்திருக்கின்றன. 2016 வர்தா பாகிஸ்தான் கொடுத்தது, 2020 நிவர் ஈரான், 2023 மிக்ஜாம் மியான்மர், 2024 ஃபெஞ்சல் சவுதி அரேபியா. இந்தியா கொடுத்த பட்டியலில் முரசு, நீர் என்ற பெயர்கள் இருக்கின்றன. பெயர் ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது, யாரையும் புண்படுத்தக் கூடாது, எல்லா நாட்டாரும் சொல்ல எளிதாக இருக்க வேண்டும். இந்த விதிகளோடு வீட்டில் ஆளுக்கு மூன்று தமிழ்ப் பெயர் சீட்டில் எழுதிப் போட்டு, ஓட்டெடுப்பு நடத்துங்கள். ழகரம் வரும் பெயரை வைத்தால் மற்ற நாட்டுக்காரர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று எங்கள் வீட்டில் நடந்த விவாதம் இரவுச் சாப்பாடு வரை ஓடியது.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். லீவு எங்களுக்கு இல்லையே?

இந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று அலுவலகம் சொன்னால்கூட, மீட்டிங் நடுவில் பிள்ளை வந்து நிற்கும். ஒரு குடியிருப்பில் நான்கைந்து குடும்பம் பேசி வைத்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்து நிலையான வழி. காலை ஒரு வீடு, மதியம் இன்னொரு வீடு. பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு மற்றவர்கள் சாப்பாடு அனுப்புவார்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள், காலை ஆறரைக்குக் கூப்பிட்டால் யாருக்கும் சங்கடம்.

வேலைக்கு நடுவில் உங்களால் கொடுக்க முடிந்தது இருபது நிமிஷம்தான் என்றால், அந்த இருபது நிமிஷம் போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். ஒரு சின்ன சிக்குக் கோலம் நோட்டில் போட அது போதும். ஐந்து புள்ளி, ஊடுபுள்ளி மூன்று வரை வைத்தால் மொத்தம் எத்தனை புள்ளி என்று பிள்ளையைக் கேளுங்கள். நடுவில் 5, மேலே 4, 3, கீழே 4, 3, ஆக 19. நேர்ப்புள்ளியாக 5, 3, 1 என்று வைத்தால் 13. அதற்குப் பிறகு ஏழு, ஒன்பது என்று அவர்களே போய்க்கொண்டிருப்பார்கள், நீங்கள் வேலையைப் பார்க்கலாம்.

டிவி, போன்?

கொடுக்கலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். நாளின் முதல் காரியமாக மட்டும் வேண்டாம். காலையில் திரையில் ஆரம்பித்தால் அதன்பின் வேறெதுவும் ருசிக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் போன் சார்ஜ் குடும்பத்தின் பொதுச் சொத்து, விளையாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது.

மழைக்குச் சூடாக ஏதாவது, பிள்ளைகளும் சேர்ந்து செய்கிற மாதிரி?

எங்கள் வீட்டில் ஆரஞ்சு எச்சரிக்கை வந்த இரவே கொண்டைக்கடலையை ஊறப் போட்டுவிடுவோம். லீவு விட்டால் மாலையில் சுண்டல், விடாவிட்டால் டப்பாவில் சுண்டல். தேங்காய்த் துருவுவது மகன், கறிவேப்பிலை உருவுவது மகள். ஊறப் போட மறந்த நாளில் பச்சை வேர்க்கடலையை உப்புப் போட்டு குக்கரில் வேகவைத்து, நடுவில் கொட்டி, ஆளாளுக்கு உரித்துச் சாப்பிடுவோம். உரிக்கும்போது பேச்சு தானாக வரும்.

பஜ்ஜி என்றால் மாவு கரைப்பது பிள்ளைகள் வேலை. ஒரு கப் கடலை மாவுக்கு இரண்டு ஸ்பூன் அரிசி மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. விரலை முக்கி எடுத்தால் மாவு விரலை மூடியிருக்க வேண்டும், சொட்டிக்கொண்டே இருந்தால் தண்ணீர் அதிகம். எண்ணெய் பக்கம் நீங்கள் மட்டும். முதல் ஈடு பஜ்ஜியை வாட்ச்மேன் அண்ணனுக்குக் குடையோடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை என் மகள் யாருக்கும் விட்டுத் தர மாட்டாள்.

கரண்ட் போய்விட்டது. இரவெல்லாம் வராது போலிருக்கிறது.

தண்ணீர் தேங்கினால் பாதுகாப்புக்காகவே மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். மிக்ஜாம் சமயத்தில் எங்கள் பகுதியில் மூன்று நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் எரிச்சல். இரண்டாம் நாள் மாமியார் பீரோவிலிருந்து வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து வாசற்கதவில் கட்டி, பின்னால் டார்ச் வைத்து, கையால் மானும் நாயும் காட்டினார். சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் பார்த்த தோல்பாவைக் கூத்தைப் பற்றி அன்றுதான் பேசினார். மறுநாள் பிள்ளைகள் காலண்டர் அட்டையில் உருவங்கள் வெட்டி, ஈர்க்குச்சியில் ஒட்டி, வெள்ளத்தில் சிக்கிய நாய்க்குட்டியைக் காப்பாற்றும் கதை ஒன்றை அவர்களாகவே நடத்தினார்கள். துணிக்குப் பின்னால் மெழுகுவத்தி வேண்டாம், டார்ச் மட்டும்.

எங்கள் தெருவில் தண்ணீர் ஏறுகிறது. பிள்ளை பயப்படுகிறாள். விளையாட்டு பற்றிப் பேசும் நேரமா இது?

இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வரும் பகுதி என்றால் முதல் வேலை பாதுகாப்பு. மாநகராட்சிக்கு 1913, மின்சாரப் புகாருக்கு 94987 94987. மெயின் சுவிட்சை அணைத்து, மேல்தளத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்விடுங்கள், இருட்டும் வரை காத்திருக்காதீர்கள்.

ஆனால் பயத்தில் இருக்கும் குழந்தைக்குக் கையில் ஒரு வேலை இருந்தால் நடுக்கம் குறைகிறது. 2015-இல் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அப்போது மகனுக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. அவனுடைய பையை அவனே கட்டட்டும் என்று விட்டோம். ஒரு செட் துணி, பிஸ்கெட், தண்ணீர் பாட்டில், அவனுக்குப் பிடித்த பொம்மை பஸ். அந்தப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே மாடியில் தூங்கினான். இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டு பேரும் தங்கள் பையைக் கட்டி, பள்ளிப் புத்தகங்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். "ஒண்ணும் ஆகாது" என்று பொய்யாகச் சொல்லாதீர்கள். என்ன நடக்கிறது, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லுங்கள்.

உங்கள் வீடு மேட்டில் இருந்தால், தாழ்வான தெருவில் இருக்கும் வகுப்புத் தோழியின் வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள். தண்ணீர் வடியும் வரை அந்தப் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம்.

லீவு மூன்றாவது நாளாக நீள்கிறது. யோசனை எல்லாம் தீர்ந்தது.

நடக்கும், 2015-இல் அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. மூன்றாவது நாளில் எல்லோருக்கும் சலிப்பு வரும், துணி காயாத வாடை வேறு. மழை கொஞ்சம் விட்டிருந்தால் கொசு வேட்டைக்குக் கிளம்புங்கள். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, மாடியில் கிடக்கும் கொட்டாங்குச்சி, பழைய டயர், மூடாத வாளி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள் போதும். டார்ச் வெளிச்சத்தில் நெளியும் புழுவைக் கண்டுபிடித்துக் கவிழ்ப்பவருக்கு ஒரு புள்ளி. வழியில் நத்தை, மரவட்டை, விளக்கடியில் உதிர்ந்த ஈசல் இறகு எல்லாம் கண்ணில் படும். நோட்டில் வரைந்து தேதி போடச் சொல்லுங்கள்.

பாடம் பற்றிக் கவலை வேண்டாம். விட்ட நாளைச் சனிக்கிழமைகளில் வைத்துச் சரிக்கட்டிவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் தமிழ் வாசிப்பு, கொஞ்சம் வாய்ப்பாடு இருந்தால் போதும்.

நாளைக்குப் பள்ளி திறக்கிறதாம். என்ன தயார் செய்வது?

நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து வையுங்கள், இரவில் ஒரு முறை மாற்றினால் காலையில் உலர்ந்திருக்கும். மழைமானியில் 8.30 அளவை எடுக்கும் பொறுப்பு பாட்டிக்கோ தாத்தாவுக்கோ போகும். எங்கள் வீட்டில் காலண்டர் கட்டத்தில் எழுதும் உரிமை மட்டும் மகளுடையது. அதனால் மாமியார் எண்ணை ஒரு சீட்டில் குறித்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைப்பார், மகள் சாயங்காலம் வந்ததும் பையைக் கூட இறக்காமல் அதைத்தான் முதலில் பார்ப்பாள்.